நிலம் யார் பேரில்? எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் மெலனீசியத் தீவுகளைப் பற்றி, அதாவது பசிபிக் கடலில் உள்ள பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், வனுவாட்டு, பிஜி ஆகியவற்றைப் பற்றி, ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. பப்புவா நியூகினியில் 97 சதவீத நிலம் தனியார் பேரிலோ அரசின் பேரிலோ இல்லை, குலங்களின் கையில் வழக்கப்படி இருக்கிறது என்பதுதான் அதன் சாரம். மீன் பெருகக் கரையோரக் கடலில் ஒரு பகுதியை மூடிவைப்பதையும் அதில் சொல்லியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பாலக்காடு, கூடலூர், பழவேற்காடு, சித்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு நிலம், கடல், காடு மூன்றிலும் ‘இது யாருடையது’ என்ற கேள்வி தினசரிக் கேள்வி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: எங்கள் பக்கம் ஒரு சென்ட் வரப்புக்கு இரண்டு தலைமுறையாகக் கேஸ் நடக்கிறது. பட்டா, சர்வே நம்பர் இல்லாமல் ஒரு நாடே இருக்கிறது என்றால் எப்படி? யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உழுதுகொள்ளலாமா?

உழவே அங்கே கிடையாது. எல்லாம் கிழங்குத் தோட்டம். தாழ்நிலத்தில் சேம்பும் பெருவள்ளியும், பப்புவா நியூகினியின் மலைநாட்டில் சர்க்கரைவள்ளியும். தாழ்நிலத்தில் காட்டை வெட்டிக் காயவைத்து எரித்து, குச்சியால் குழி போட்டு நடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் பயிர் செய்துவிட்டு, பத்துப் பதினைந்து வருஷம் நிலத்தை ஆறப்போடுவது பழைய கணக்கு.

யார் வேண்டுமானாலும் என்பது தவறான எண்ணம். ஒரே துண்டு நிலத்தில் மூன்று அடுக்கு உரிமை உண்டு. நிலம் குலத்துடையது, அதைக் கைமாற்ற ஒருவராலும் முடியாது. அதற்குள் ஒரு குடும்பம் தன் பாட்டன் வெட்டிய தோட்டத்தில் பயிர் செய்யும். நிலம் ஆறிக்கொண்டிருக்கும் வருஷங்களிலும் அது அந்தக் குடும்பத்துத் தோட்டம்தான், பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமல் கத்தி வைக்க மாட்டார். மூன்றாவது, பெண் எடுத்த வழியிலோ அடைக்கலமாகவோ வந்தவர்கள். அவர்களுக்குத் தோட்டம் போட இடம் கொடுப்பார்கள், ஆனால் ஒரு நிபந்தனையோடு: கிழங்கு நடலாம், மரம் வைக்கக் கூடாது.

இந்த மர விதியில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. கிழங்கு ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். தென்னையும் கொக்கோவும் பல பத்து வருஷம் நிற்கும். மரம் நிற்கும் வரை வைத்தவன் வருவான், அவன் பிள்ளை வருவான், கடைசியில் ‘எங்கள் தென்னந்தோப்பு’ என்பார்கள். அதனால் மெலனீசியாவில் பல இடங்களில் மரம் ஒருவருடையது, அது நிற்கும் மண் இன்னொருவருடையது என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். தோட்டம் காடாகிப் போன பிறகும் அதற்குள் நிற்கும் கொட்டை மரங்களுக்கு ஆள் உண்டு. சாலமன் தீவுகளில் ங்காலி என்றும் பப்புவா நியூகினியில் காலிப் என்றும் சொல்லும் கொட்டை மரம் நாலைந்து சேர்ந்து நின்றால், அங்கே பழைய ஊர் இருந்தது என்று அர்த்தம். நீதிமன்றத்திலும் அது சாட்சியாக நிற்கும்.

எல்லை ஓடை, முகடு, பெரிய பாறை என்று போகும். பப்புவா நியூகினியில் டாங்கெட் என்ற செவ்விலைச் செடியை எல்லையில் ஒடித்து நட்டுவிடுவார்கள். குச்சியை ஊன்றினாலே துளிர்க்கும் செடி அது, நம் கிளுவை வேலி போல. நட்டவர் செத்தாலும் செடி நிற்கும்.

தகராறு தொடங்குவது பணப்பயிர் வந்த இடத்தில். மேற்கு நியூ பிரிட்டனில் எண்ணெய்ப்பனை வந்தபோது, வெளியூர்க்காரர்கள் குலத்தாரிடம் பணமும் பன்றியும் கொடுத்து நிலம் வாங்கினார்கள். கொடுத்தவர்கள் ‘பயன்படுத்திக்கொள்ளத்தான் விட்டோம்’ என்றார்கள், வாங்கியவர்கள் ‘வாங்கிவிட்டோம்’ என்றார்கள். இப்போது அங்கே ஒப்பந்தப் படிவம் போட்டு எத்தனை வருஷம், எந்தப் பயிர், யார் யார் சம்மதித்தார்கள் என்று எழுதிக்கொள்கிறார்கள். இன்னொரு சிக்கல் ஜனத்தொகை. பதினைந்து வருஷம் ஆறவேண்டிய நிலம் ஐந்து வருஷத்திலேயே மறுபடி எரிக்கப்படுகிறது. மண் தேறுவதில்லை, புல்லும் களையும் ஏறுகிறது, கிழங்கு சிறுக்கிறது.

களியக்காவிளை வாசகி: எங்கள் பாட்டி காலத்தில் மருமக்கதாயம் இருந்தது, சொத்து பெண் வழியில். அங்கேயும் அப்படி உண்டா?

உண்டு, நிறையவே. பப்புவா நியூகினியில் கிழக்கு நியூ பிரிட்டனின் தோலாய் மக்கள், மில்ன் விரிகுடாப் பகுதி, புகன்வில்லின் பெரும்பகுதி. சாலமன் தீவுகளில் குவாடல்கனால், இசபெல், மகிரா. அங்கெல்லாம் நிலம் தாய் வழி. மலைநாட்டிலும் மலைட்டாவிலும் தந்தை வழி.

ஆனால் நிலம் பெண் வழி என்பதால் பேச்சும் பெண் கையில் என்று நினைக்க வேண்டாம். தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தில் மூத்த ஆணான காரணவர் இருந்த மாதிரி, அங்கே தாய்மாமன் பேசுவார். மரக் கம்பெனி வந்தால் கையெழுத்துப் போடுபவர் அவர்தான், பணம் வாங்குபவரும் அவர்தான். புகன்வில்லில் ரொரோவானா ஊர்ப் பெண்கள் 1969இல் பங்குனா சுரங்க வேலைக்காக நிலம் அளக்க வந்தவர்களின் முன்னால் போய் நின்று தடுத்தார்கள். நிலத்துக்கு உடையவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்காமலே முடிவு நடந்திருந்தது. சுரங்கம் 1972இல் உற்பத்தி தொடங்கி, 1989இல் கலவரத்தில் மூடப்பட்டது.

பப்புவா நியூகினியில் குலங்களைப் பதிவு செய்யும் சட்டம் 1974இல் வந்தது. 2009 திருத்தத்துக்குப் பின் நிர்வாகக் குழுவில் ஆறு முதல் பத்துப் பேர், அதில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். இரண்டு போதுமா என்றால் போதாது. கட்டிக் கொடுத்துவிட்ட பெண்களின் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். பெயர் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையில் அவர்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

பழவேற்காடு மீனவர்: நாங்கள் பாடு முறையில் குலுக்கிப் போட்டு இடம் பிரித்துக் கழி ஊன்றி இறால் வலை கட்டுகிறோம். அங்கே கடலையே மூடிவைக்கிறார்கள் என்கிறீர்கள். அதை இங்கே செய்தால் இறால் பெருகுமா?

இறாலுக்கு ஆகாது. ஏன் என்று பின்னால் வருகிறோம். முதலில் அவர்கள் செய்வதைப் பார்க்கலாம்.

மெலனீசியாவில் கரைக்கு முன்னால் இருக்கும் பவளப் பாரும் சேறும் கரையில் இருக்கும் குலத்தோடு சேர்ந்தது. பிஜியில் இப்படி 400க்கு மேற்பட்ட மீன்பிடி எல்லைகள் அரசுப் பதிவிலேயே இருக்கின்றன, கோலிகோலி என்பார்கள். தலைவர் இறந்தால் ஒரு பகுதியை நூறு நாள் மூடுவது பழைய வழக்கம். நூறாம் நாள் விருந்துக்கு அங்கேதான் மீன் பிடிப்பார்கள். மூடியதற்கு அடையாளமாக வனுவாட்டுவில் நமேலே என்ற, ஈந்துக்கு (சைக்கஸ்) உறவான செடியின் ஓலையைக் கழியில் கட்டி நிறுத்துவார்கள். அதைத் தாண்டி வலை போட்டால் பன்றி, பாய், பணம் என்று அபராதம்.

இந்த வழக்கத்தை எடுத்துக் கணக்காகச் செய்த ஊர் பிஜியில் வெராட்டா பகுதியின் உசுனிவனுவா. கைக்கோசோ என்ற மட்டி குறைந்துபோனதால் 1997இல் 24 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 60 ஏக்கர், சேற்றுப் படுகையையும் கடற்புல்லையும் மூன்று வருஷத்துக்கு மூடினார்கள். பல்கலைக்கழக ஆட்கள் சொல்லிக்கொடுக்க, எண்ணியவர்கள் ஊர்க்காரர்களே. 2004 வாக்கில் மூடிய இடத்தில் மட்டி 13 மடங்கு, பக்கத்தில் திறந்திருந்த இடத்தில் 5 மடங்கு. பக்கத்தில் பெருகியதுதான் லாபம். மூடிய இடத்தில் முட்டையிட்ட மட்டியின் குஞ்சுகள் நீரில் மிதந்து போய்த் திறந்த இடத்தில் படிந்தன.

இப்போது வேலை முறை. எண்ணாமல் மூடக் கூடாது. மூடப்போகும் இடத்திலும் மூடாத இடத்திலும் கயிறு பிடித்து, கயிற்றின் இரு பக்கமும் ஒரு கை அகலத்தில் கிடப்பதை எண்ணி எழுத வேண்டும். ஒரே பருவத்தில், ஒரே வற்றத்தில். இல்லையென்றால் மூன்று வருஷம் கழித்துப் பெருகியதா இல்லையா என்று சொல்ல ஆதாரம் இருக்காது, ஊர்ச் சண்டைதான் மிஞ்சும். இடத்தை ஊரின் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக எடுக்க வேண்டும். முனைக்கு அந்தப் புறம் மூடினால் காவல் இல்லை, இரவில் டார்ச் அடித்து அள்ளிப்போவார்கள். பெண்கள் மட்டி பொறுக்கும் இடத்தை ஆண்கள் கூட்டம் போட்டு மூடிவிட்டு, தாங்கள் வலை கட்டும் இடத்தைத் திறந்துவைத்துக்கொள்வதும் நடக்கிறது. அப்படி மூடியது ஒரு வருஷம் தாங்காது.

திறக்கிற நாளில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. பள்ளிக் கட்டணம், கோயில் கட்டடம், தேர்தல் என்று ஏதோ ஒன்றுக்குப் பணம் வேண்டும். ‘ஒரு வாரம் திறப்போம்’ என்பார்கள். மூடிய இடத்தில் மீனுக்கு மனிதப் பயம் விட்டுப்போயிருக்கும், முக்குளிப்பவரைக் கிட்டே வரவிடும், ஈட்டிக்கு எளிதாக விழும். மூன்று வருஷ வளர்ச்சி மூன்று நாளில் போய்விடும். அதனால் திறக்கும் நாளை மட்டுமல்ல, எப்போது மறுபடி மூடுவது என்பதையும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். எத்தனை நாள், எத்தனை கூடை, எந்தக் கருவி என்பதும் அதில் இருக்க வேண்டும்.

அளவும் உண்டு. பொத்தான் செய்ய வாங்கும் ட்ரோக்கஸ் சங்குக்குப் பசிபிக் நாடுகள் பலவற்றில் அடிப்பக்க அகலம் 8 அல்லது 9 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எடுக்கக் கூடாது. சில நாடுகளில் 12 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் விட்டுவிட வேண்டும், ஏனென்றால் பெரிய பெண் சங்குதான் அதிகம் முட்டையிடும். பலகையில் இரண்டு வளையம் வெட்டி வைத்துக்கொண்டால் சண்டை இல்லை: சின்ன வளையத்துக்குள் நுழைந்தால் கடலுக்கு, பெரிய வளையத்தில் சிக்கினாலும் கடலுக்கு. வனுவாட்டுவில் மீன்வளத்துறை சில ஊர்களில் ட்ரோக்கஸை எண்ணிக் காட்டி, ‘சில வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் எடுங்கள்’ என்று யோசனை மட்டும் சொன்னது. கட்டாயப்படுத்தவில்லை. பலன் தெரிந்ததும் பக்கத்து ஊர்களும் மூட ஆரம்பித்தன, ட்ரோக்கஸோடு நிற்காமல் கடல் அட்டை, ராட்சத மட்டி, ஆமை முட்டை என்று போனார்கள். 1993இல் ஆய்வு செய்த ஊர்களை 2001இல் மறுபடி பார்த்தபோது ஊர் விதிகள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தன.

இனி உங்கள் இறால். மட்டியும் ட்ரோக்கஸும் பிறந்தபின் நகராதவை, அல்லது சிறிதே நகருபவை. ஓரிடத்தை மூடினால் அங்கேயே பெருக்கும். இறால் குஞ்சாக முகத்துவாரம் வழியே ஏரிக்குள் வந்து, சில மாதம் வளர்ந்து, வற்றத்தோடு கடலுக்குப் போய்விடும். ஏரியில் ஓரிடத்தை மூன்று வருஷம் மூடினால், அந்த இறால் உங்களுக்குக் கிடைக்காமல் கடலில் இழுவைப் படகுக்குக் கிடைக்கும். இறாலுக்கு உதவுவது வேறு: முகத்துவாரம் தூர்ந்துபோகாமல் இருப்பது, மடிக் கண்ணி அளவு, குஞ்சு ஒதுங்கும் ஓடைகளில் சின்னக் கண்ணி வலையைத் தடுப்பது. பாடு முறை ‘யார், எங்கே, எந்த நாளில்’ என்பதைத் தீர்க்கிறது. கொச்சிக் காயலில் ஊன்றுவலைக்காரர்கள் நடத்தும் பாடும் அதுவே. ‘எவ்வளவு’ என்பதைப் பாடு கேட்பதில்லை. மட்டி, ஆளி எடுக்கும் பகுதி உங்கள் எல்லையில் இருந்தால் தபு எனப்படும் இந்த மூடும் முறையை அங்கே சோதித்துப் பார்க்கலாம். நண்டு நகரும் என்பதால் அதற்கு இடத்தை மூடுவதைவிட முட்டைச் சினை நண்டை விடுவதுதான் பலன் தரும். கடல் அட்டைப் பக்கம் போக வேண்டாம், இந்தியாவில் 2001 முதல் அது காட்டுயிர்ச் சட்டத்தில் தடை.

கூடலூர் வாசகர்: ஜென்மி என்ற பழைய நிலக்கிழார் வழி வந்த ஜென்ம நிலத் தகராறில் தலைமுறையே போய்விட்டது எங்களுக்கு. விற்கவே முடியாத நிலம் என்றால் கம்பெனிக்காரன் வரமுடியாது, இல்லையா?

வந்தான், விலைக்கு வாங்காமலே. விற்க முடியாது என்று சட்டம் சொன்னால் குத்தகை என்று ஒரு கதவு இருக்கும்.

பப்புவா நியூகினியில் குலத்தின் நிலத்தை முதலில் அரசு குத்தகைக்கு எடுத்தது, பிறகு குலத்தார் சம்மதித்த ஒருவருக்கோ கம்பெனிக்கோ அரசே திருப்பிக் குத்தகை கொடுத்தது. 99 வருஷம் வரை. அந்தக் காலம் முழுக்க வழக்க உரிமை தூங்கியது. 2003 முதல் 2011 வரை இந்த ‘விசேஷ விவசாய வணிகக் குத்தகை’ 50 லட்சம் ஹெக்டேருக்கு மேல் போனது. நாட்டின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம். எண்ணெய்ப்பனை நடுகிறோம் என்று காகிதம், நடந்தது பல இடங்களில் மரவெட்டு. 2011இல் விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள், 2013இல் அறிக்கை வந்தது. விசாரித்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் நிலத்தாரின் முறையான சம்மதம் இல்லை என்றது.

எங்கே வழுக்கியது என்று பார்த்தால், குலத்தில் ‘யார் யார்’ என்று எழுதும் இடத்தில். வழக்கத்தில் குலத்தார் அனைவரும் கூடிப் பேசுவார்கள். காகிதத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர். மூன்று பேர் பட்டணத்தில் ஓட்டலில் தங்கிக் கையெழுத்துப் போட்டால் ஊரே போட்டதாகிவிடும். 2009 திருத்தம் இதை அடைக்கப் பார்த்தது: உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழ், நிலத்தின் வரைபடம், பொதுக்குழுவுக்கு 60 சதவீத வருகை. பழைய பதிவுகளெல்லாம் புதுக் கணக்கில் மறுபதிவாக வேண்டும் என்றது. நல்ல விதிதான், ஆனால் மலைக்கிராமத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே கிடைக்கும்? அதைச் செய்து தருகிறேன் என்று செலவை ஏற்று வருபவர் பெரும்பாலும் அந்த நிலத்தின் மேல் கண் வைத்தவர்.

வனுவாட்டு வேறு கதை. 1980இல் சுதந்திரம் வந்தபோது அரசியலமைப்பின் 73ஆம் பிரிவிலேயே எல்லா நிலமும் பூர்வகுடி வழக்க உரிமையாளர்களுக்கும் அவர்கள் சந்ததிக்கும் என்று எழுதிவிட்டார்கள். குத்தகை மட்டும் 75 வருஷம் வரை தரலாம். 75 வருஷம் தென்னைமரத்தின் ஆயுள் என்று அங்கே சொல்வது உண்டு. மனிதக் கணக்கில் மூன்று தலைமுறை. உரிமை யாருக்கு என்று தகராறு இருந்தால், தீரும் வரை அமைச்சரே கையெழுத்திட்டுக் குத்தகை கொடுக்கலாம் என்றும் ஒரு விதி இருந்தது. தகராறு இருப்பதே குத்தகைக்கு வசதியாகிவிட்டது. தலைநகர் இருக்கும் எஃபாட்டே தீவில் கடற்கரையில் பாதிக்கு மேல் குத்தகையில் போனது. குத்தகை முடிந்து நிலத்தைத் திரும்ப எடுக்க வேண்டுமானால் அதில் கட்டிய பங்களாவுக்கு ஈடு கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனை பல பத்திரங்களில். கிழங்கு விற்பவர் நீச்சல் குளத்துக்கு ஈடு கொடுப்பது எங்கே? 2013இல் ரால்ஃப் ரெகன்வானு நில அமைச்சராக இருந்தபோது சட்டத்தை மாற்றி, அமைச்சரின் அந்த அதிகாரத்தை எடுத்தார்கள்; உரிமையாளர் யார் என்பதை நக்கமால் என்ற ஊர்ப் பொது மன்றத்தின் கூட்டம் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள்.

குப்பம் வாசகர்: எல்லைச் சண்டை வந்தால் யார் தீர்ப்பு?

பப்புவா நியூகினியில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலில் சமரசம்; பிறகுதான் நில நீதிமன்றம். சமரசக்காரர் இரு தரப்பையும் கூட்டிக்கொண்டு எல்லையை நடப்பார். அறையில் உட்கார்ந்து பேசினால் இரண்டு பேரும் வெவ்வேறு ஓடையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நடந்தால் ஒரே ஓடை. வம்சாவளி சொல்லுதல், பழைய தோட்டம், கல்லறை, கொட்டை மரம் எல்லாம் சாட்சி. ஒரு கண்ணி உண்டு: வம்சாவளியை எதிராளியின் முன் முழுதாகச் சொன்னால் அவர்கள் அதைத் திருடிவிடுவார்கள் என்று பெரியவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். எழுதுகிறவர் அந்தப் பாதியையே முழுது என்று பதிவு செய்துவிட்டால், மறுவழக்கில் மீதிப் பாதிக்கு மதிப்பே இல்லை.

நகரி வாசகி: எங்கள் பெரிய தாத்தாவின் அண்ணன் பிஜிக் கரும்புத் தோட்டத்துக்குப் போனதாகச் சொல்வார்கள். அங்கே அவர்களுக்கு நிலம் கிடைத்ததா?

உங்கள் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போனார்கள். சென்னைத் துறைமுகம் வழியாக ஒப்பந்தக் கூலிகள் போகத் தொடங்கியது 1903. முடிந்தது 1916. வட ஆற்காட்டிலிருந்து போனவர்கள் அதில் முதன்மை. சித்தூர் 1911இல் தனி மாவட்டமாகும் வரை அந்த வட ஆற்காட்டில்தான் பெரும்பகுதி சேர்ந்திருந்தது.

நிலம் குத்தகையாகக் கிடைத்தது, சொந்தமாக மிகச் சிலருக்கே. பிஜியில் 87 சதவீத அளவு நிலம் பூர்வகுடிக் குலங்களுடையது, விற்க முடியாதது. 1940 முதல் ஓர் அறக்கட்டளை வாரியம் குலங்களுக்காகக் குத்தகை விடுகிறது. 1976 சட்டப்படி விவசாயக் குத்தகை 30 வருஷம்; வாடகை நிலத்தின் மதிப்பில், அதாவது கட்டடம், பயிர் சேர்க்காத வெறும் மண் மதிப்பில், 6 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 1997 முதல் குத்தகைகள் வரிசையாக முடியத் தொடங்கியபோது பலவற்றைக் குலத்தார் புதுப்பிக்கவில்லை. மூன்று தலைமுறை கரும்பு போட்ட குடும்பங்கள் வீட்டையும் பிரித்துக்கொண்டு நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போயின. குலத்தாருக்கும் ஒரு நியாயம் இருந்தது: வாடகை குறைவு, அதிலும் வாரியச் செலவும் தலைவர்கள் பங்கும் போகத்தான் மீதி. 2011 முதல் தலைவர் பங்கை எடுத்துவிட்டுக் குலத்தார் அனைவருக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் அண்ணன் வழியினர் இருக்கிறார்களா என்று தேட, கப்பல் பெயரும் வருஷமும் தெரிந்தால் குடியேற்றச் சீட்டுப் பதிவுகளில் ஊர், தாலுகா, தகப்பன் பெயர் வரை இருக்கும்.

அட்டப்பாடி வாசகர்: எங்கள் ஊரில் சிலருக்குத் தனிப்பட்ட வன உரிமைப் பட்டா கிடைத்துவிட்டது. மெலனீசியா மாதிரி மொத்தக் காட்டின் மேல் ஊருக்கே உரிமை வாங்க வழி உண்டா?

உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தில் சமூக வன வள உரிமை என்று தனியாக இருக்கிறது: பாரம்பரியமாக ஊர் காத்துவந்த காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் உள்ள உரிமை. கேரளத்தில் வாழச்சால் காட்டில் காடர் முதலான பழங்குடிகளின் ஒன்பது ஊர்களுக்கு 2014இல் இது கிடைத்தது. தனிப்பட்டாவுக்கு ‘ஏ’ படிவம். தேன், நெல்லி, மேய்ச்சல், மீன் போன்ற சமூக உரிமைக்கு ‘பி’. சமூக வன வளத்துக்கு ‘சி’. இங்கேதான் அடிக்கடி தவறு நடக்கிறது. ‘பி’யை மட்டும் கொடுத்துவிட்டு நிர்வாக உரிமையும் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதில் காட்டுக்குள் போய் எடுக்கலாம், காட்டை நிர்வகிக்கும் அதிகாரம் ‘சி’யில்தான்.

கேரளத்தில் உங்கள் ஊருகூட்டமே கிராமசபை. அது 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஊருகூட்டத்தில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்த எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டோடு எழுதிவைக்க வேண்டும். ‘அனைவரும் ஏகமனதாக’ என்று ஒரு வரியில் எழுதினால் மேல் குழுவில் அதையே காரணம் காட்டித் திருப்புவார்கள்.

வரைபடத்துக்குப் பெரியவர்களோடு எல்லையை நடந்துவிடுங்கள். பக்கத்து ஊர்க்காரர்களையும் அதே நாளில் கூட்டிக்கொண்டு போவது நல்லது. இரண்டு ஊரின் ‘சி’ படிவமும் ஒரே காட்டைக் கேட்டால் இரண்டும் கிடப்பில் போகும். மேய்ச்சல் காடு இரண்டு ஊருக்கும் பொது என்றால் பொது என்றே எழுதலாம். சாட்சி இரண்டு வகை போதும்: அரசுப் பதிவேடு ஒன்று, பெரியவர்களின் எழுத்து வாக்குமூலம் ஒன்று. சுடுகாடு, காவு என்ற கோயில் காடு, பழைய கிணறு, விட்டுப்போன ஊரின் அடித்தளக் கல் எல்லாம் சட்டப்படி சாட்சிதான். பப்புவா நியூகினி நில நீதிமன்றத்தில் கொட்டை மரம் செய்கிற வேலையை இங்கே அந்தக் கல் செய்யும். விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். உட்கோட்டக் குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவுக்கு மனு. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

பட்டா வந்த பிறகு நிர்வாகக் குழு அமைத்து விதி எழுதுவது உங்கள் வேலை. அப்போதுதான் மெலனீசியக்காரர்களின் அனுபவம் உதவும். குழு ஐந்து பேரிடம் நின்றுவிடாமல், வெளியாருடன் எந்த ஒப்பந்தமும் ஊருகூட்டத்தில் இரண்டு தடவை, குறைந்தது ஒரு மாத இடைவெளியில் பேசாமல் கையெழுத்தாகாது என்று முதல் விதியாகவே போடலாம். நெல்லிக்குக் கிளை வெட்டுவது, தேனடையை முழுதாக எடுப்பது இரண்டுக்கும் அபராதம் என்ன, யார் வசூலிப்பது, அந்தப் பணம் எங்கே போகும் என்று எழுதாவிட்டால், முதல் அபராதம் ஊர்த்தலைவரின் மைத்துனனுக்கு விழுகிற நாளில் விதி நின்றுவிடும்.

செங்கோட்டை வாசகர்: வனுவாட்டுவில் கடற்கரை மனை விற்பனைக்கு என்று விளம்பரம் பார்த்தேன். வாங்கலாமா?

வாங்க முடியாது. நிரந்தர உரிமை அந்த நாட்டின் பூர்வகுடிக் குடிமக்களுக்கு மட்டும். விளம்பரத்தில் விற்பனை என்று இருப்பது மீதமுள்ள குத்தகை வருஷங்களை. 75இல் எத்தனை ஓடிவிட்டன, குலத்தாரின் சம்மதம் எந்தக் கூட்டத்தில் பதிவானது, குத்தகை முடிந்ததும் கட்டடத்துக்கு யார் யாருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற மூன்றையும் பத்திரத்தில் பார்க்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.